கண்ணுக்குக் கீழே ஒரு கரை

கீழ் இமைப் பையை நீக்கும் அறுவை எத்தனை வருடம் தாங்கும்? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வீடுகளில் பலர் கேட்கத் தயங்கும் கேள்விக்கு ஒரு விரிவான பதில்.

சித்தி ஆவடி ஓ.சி.எஃப்-பில், அதாவது ராணுவ உடைத் தொழிற்சாலையில், முப்பது வருடத்துக்கு மேல் தைத்தவர். ராணுவச் சீருடையின் காலரும் கையும் அவர் விரல்களுக்கு மனப்பாடம். புதுத் துணி எது வந்தாலும் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “எத்தனை சலவை தாங்கும்?” என்றுதான் முதலில் கேட்பார். மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்த வாரம், போட்டோக்காரர் கொடுத்துவிட்டுப் போன ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“ஏம்பா, எல்லாப் போட்டோவுலயும் நான் அழுதுட்டு வந்து நின்ன மாதிரியே இருக்கே! கண்ணுக்குக் கீழ இருக்கிற இந்தப் பையை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமாமே? எடுத்தா எவ்ளோ வருஷம் தாங்கும்?”

எட்டு வருடத்துக்கும் முந்தைய கேள்வி அது. அதன் பிறகு இதே கேள்வியை வெவ்வேறு வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டின் ஐ.டி. கட்டடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் இளைஞர், இருபத்தெட்டு வயதிலேயே “தூங்கலையா?” என்று எல்லோரும் கேட்பதாக வருந்தினார். பூந்தமல்லியில் பூக்கட்டும் ஓர் அக்கா, தன் அம்மாவுக்கும் இதே பை இருந்ததென்றார். எல்லோரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்கள். தன் முகத்தைப் பற்றி அக்கறைப்படுவது ஏதோ ஆடம்பரம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அந்தத் தயக்கத்தால் பலர் சரியான மருத்துவரிடம் போகாமல், பார்லரில் சொன்ன கிரீமையும் எங்கோ போட்ட ஊசியையும் நம்பிக் காசை விடுகிறார்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். சரியானவருக்கு, சரியான கைகளால் செய்யப்படும் கீழ் இமை அறுவையின் பலன் பெரும்பாலும் பத்து வருடமும் அதற்கு மேலும் நிற்கும். பலருக்கு ஆயுளில் இரண்டாவது முறை தேவைப்படுவதே இல்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்துக்குள் எது அப்படியே நிற்கும், எது மாறும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வருடக் கணக்கை மட்டும் கேட்டுப் பயனில்லை.

கரை தளர்ந்தால்

ஆவடி - பூந்தமல்லி சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. அதன் கரை நடைபாதையில் காலையில் நடக்கிறவர்களில் சித்தியும் ஒருவர். ஏரிகளுக்கு நடுவில் வளர்ந்த ஊர்கள் இவை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பரம்பாக்கம். கரை என்றால் என்ன, அது இளகினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கண்ணுக்குக் கீழேயும் ஒரு கரை உண்டு. கண்விழி எலும்புக் குழிக்குள் நேரடியாக உட்கார்ந்திருப்பதில்லை. சுற்றிலும் மெத்தை போல் கொழுப்பு இருக்கிறது. கீழ் இமைக்குப் பின்னால் அது மூன்று பொதிகளாக, மூக்கோரம், நடு, காதோரம் எனப் பிரிந்திருக்கிறது. இந்தக் கொழுப்பு முன்னால் வந்துவிடாமல் தடுப்பது ஒரு மெல்லிய சவ்வு. அதுதான் கரை. வயது ஏற ஏறச் சவ்வு தளர்கிறது. கண்விழியைத் தாங்கும் தசைநார்களும் இளகுகின்றன. உள்ளே இருந்த கொழுப்பு முன்னால் பிதுங்குகிறது. ஏரியில் தண்ணீர் கூடாமலே கரை மட்டும் இளகிப் போன நிலை இது.

உடம்பு இளைத்தால் பை போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். கண்குழிக் கொழுப்பு வயிற்றுக் கொழுப்பைப் போல எடைக்கு ஏற்பக் கூடிக் குறைவதில்லை. சில குடும்பங்களில் இந்தப் பொதி பிறவியிலேயே பெரிதாக இருக்கும். இருபது வயதிலேயே பை தெரியும். பூக்கட்டும் அக்கா சொன்ன அம்மாவின் கதை அதுதான்.

பையை இன்னும் எடுப்பாகக் காட்டுவது அதன் கீழே விழும் பள்ளம். கன்னத்தின் சதை வயதோடு கீழே இறங்குகிறது. கண்குழியின் விளிம்பெலும்பும் மெல்லத் தேய்கிறது. மேலே மேடு, கீழே பள்ளம், நடுவில் நிழல். இந்த நிழலைத்தான் பலர் கருவளையம் என்று நினைத்துக் கிரீம் தேய்க்கிறார்கள்.

மேட்டை வெட்டிப் பள்ளத்தில்

இமையில் கத்தி வைக்கும் கலை நமக்குப் புதிதல்ல. சுசுருத சம்ஹிதை கண்நோய்களை 76 என்று கணக்கிடுகிறது. இமைமயிர் உட்புறம் திரும்பி விழியை உறுத்தும் நோய்க்கு, இமைத் தோலில் வாற்கோதுமை வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மயிரால் தைக்கும் முறையை அது சொல்கிறது. இன்று உலகமெங்கும் வழங்கும் பிளெஃபரோபிளாஸ்டி என்ற சொல்லை 1818-ல் பயன்படுத்தியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் வான் கிராஃபே. புற்றால் சிதைந்த இமையைச் சீர்செய்யும் அறுவைக்கு அவர் வைத்த பெயர் அது. அடுத்த வருடம், 1819-ல், மதராஸில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை தொடங்கியது. இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை அதுதான். உலகின் பழைமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று.

அழகுக்கான இமை அறுவை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1924-ல் பிரான்சின் பூர்கே, வெளித்தோலைத் தொடாமல் இமையின் உட்புறம் வழியாகவே கொழுப்பை எடுக்கும் வழியை எழுதினார். 1951-ல் காஸ்டனாரஸ், கொழுப்புப் பொதிகளின் அமைப்பைத் தெளிவாக வரைந்து காட்டினார். 1981-ல் பிரேசிலின் லோப், கொழுப்பை வெட்டி எறிவதற்குப் பதிலாகப் பக்கத்துப் பள்ளத்துக்குள் நகர்த்தி நிரப்பும் முறையை வெளியிட்டார். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுவது நம் ஊர் விவசாயி அறிந்த வேலை. இமையில் அதைச் செய்யலாம் என்று மருத்துவ உலகம் ஏற்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இன்று மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. தோல் இறுக்கமாக இருந்து, கொழுப்பு மட்டும் பிதுங்கினால் இமையின் உட்புறம் வழியாகச் செய்வார்கள். வெளியே தழும்பு தெரியாது. தோலும் தொங்கினால் இமைமயிருக்குச் சற்றுக் கீழே கீறி, கொஞ்சம் தோலையும் எடுப்பார்கள். பள்ளமும் இருந்தால் கொழுப்பை நகர்த்துவார்கள். பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் கொஞ்சம் மயக்கமும் போதும். அன்றே வீடு திரும்பலாம்.

அழகியல் அறுவை மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2024-க்கு எடுத்த கணக்கில், உலகிலேயே அதிகம் செய்யப்படும் அழகு அறுவையாக இமை அறுவை முதலிடத்துக்கு வந்தது. மேல் இமையும் கீழ் இமையும் சேர்த்து 21 லட்சத்துக்கும் மேல்.

எது எத்தனை நாள்?

எடுத்த கொழுப்பு: பெரும்பாலும் திரும்புவதில்லை. அறுவையின் பலன் நீடிப்பதற்கு இதுதான் அடிப்படை. இளம் வயதில் பரம்பரைப் பையை நீக்கிக்கொண்டவர்களுக்குப் பலன் பல பத்தாண்டுகள் நிற்பது உண்டு.

மேல் இமையோடு ஒப்பிட்டால்: மேல் இமையில் பிரச்சினை முக்கியமாகத் தோல். புருவமும் இறங்கிக்கொண்டே வரும். அதனால் அங்கே சிலருக்குச் சில வருடங்களிலேயே மறுபடி தொங்கல் தெரியும். கீழ் இமையின் பலன் பொதுவாக அதைவிட நீண்டது.

தோல்: உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான். ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. அறுவைக்குப் பிறகும் அது வயதாகிக்கொண்டேதான் இருக்கும். சிரித்தால் விழும் கோடுகளும் தோலின் மெல்லிய சுருக்கமும் சில வருடங்களில் கூடும். வெயிலும் புகையும் அதை விரைவுபடுத்தும். நாள் முழுக்க டூவீலரில் வெளிவட்டச் சாலையில் ஓடுகிறவருக்கு வெயில் தடுக்கும் கண்ணாடி ஒரு நல்ல முதலீடு.

கன்னம்: கீழே இறங்குவது நிற்காது. ஏழெட்டு வருடம் கழித்து “பை திரும்ப வந்துவிட்டது” என்று வருகிறவர்களில் பலருக்கு வந்திருப்பது பை அல்ல. கன்னம் இறங்கியதால் விழுந்த பள்ளமும் நிழலும்தான்.

ஊசிகள்: பள்ளத்தை நிரப்பும் ஹயலுரானிக் அமில ஃபில்லர் பொதுவாக ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை. கண்ணோரச் சுருக்கத்துக்குப் போடும் போடாக்ஸ் மூன்று, நான்கு மாதம். முதலில் மலிவாகத் தெரியும் ஊசி, பத்து வருடக் கணக்கு போட்டால் அறுவையைத் தாண்டிவிடலாம். கண்ணைச் சுற்றிய ரத்தக் குழாய்களுக்குள் தவறிப் போகும் ஃபில்லர் பார்வையையே பறிக்கக்கூடும். “ஊசிதானே” என்று எவரிடமும் முகத்தை நீட்டக் கூடாது.

முழுப் பலன் தெரியவும் பொறுமை வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் உச்சத்தில் இருக்கும். வெளித்தையல் இருந்தால் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள். ரத்தக்கட்டு மறைய இரண்டு வாரம். வீக்கம் பெருமளவு வடிய ஆறு வாரம். கடைசி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம். சித்திக்கு இரண்டு மாதத்தில் மகள் கல்யாணம். போய்ப் பார்த்த மருத்துவர் உடனே செய்ய மறுத்துவிட்டார். “கல்யாணத்தை நல்லா நடத்துங்கம்மா, அப்புறம் வாங்க” என்றார். எல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து சித்தி மறுபடி கிளம்பினார். “போட்டோதான் எடுத்தாச்சே, இனி எதுக்கு சித்தி?” என்று கேட்டேன். “போட்டோ அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு. கண்ணாடி என்கிட்டதானே இருக்கு” என்றார்.

சுண்டிப் பார்க்கும் விரல்

சித்தி மறுபடி போனபோது நடந்த பரிசோதனையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். மருத்துவர் சித்தியை நேராக உட்கார வைத்து, கண் சிமிட்டாமல் இருக்கச் சொன்னார். ஆள்காட்டி விரலால் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, விட்டார். இமை எவ்வளவு வேகமாகத் திரும்பி விழியோடு ஒட்டுகிறது என்று பார்த்தார். பிறகு இமையை இரு விரலால் பிடித்து விழியிலிருந்து முன்னால் இழுத்து, எவ்வளவு தூரம் வருகிறது என்று அளந்தார். ஏழெட்டு மில்லிமீட்டருக்கு மேல் வந்தாலோ, ஒரு சிமிட்டல் இல்லாமல் இமை திரும்ப உட்காரவில்லை என்றாலோ, அது தளர்ந்த இமை. அப்படிப்பட்ட இமையில் வெறுமனே தோலைக் குறைத்தால் இமை கீழே இழுபடும். விழியின் வெள்ளை அடியில் தெரியும். கண் சரியாக மூடாது. நீர் வழியும், எரியும்.

அடுத்து, இமை ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் காத்திருந்தார். கண்ணீர் ஊறி எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்க்க. பத்துகூட நனையவில்லை என்றால் அது வறண்ட கண். அறுவை அந்த வறட்சியை மோசமாக்கலாம்.

கடைசியாக ஒன்று சொன்னார். “நிறைய எடுத்தா இப்ப பளிச்சுனு இருக்கும்மா. பத்து வருஷம் கழிச்சு கண்ணு குழி விழுந்து நோயாளி மாதிரி ஆயிடும். எடுத்ததைத் திரும்ப வைக்கிறது கஷ்டம். நான் கொஞ்சமா எடுத்துட்டு மீதியை கீழ பள்ளத்துக்குத் தள்ளி விடறேன்.”

சித்தி முகம் மலர்ந்தது. “தையல்லயும் அதான் சார். உள்ள துணி விட்டு வெட்டணும். ஒட்ட வெட்டிட்டா அப்புறம் பிரிச்சு விட வழியே இல்லை” என்றார்.

இந்தக் கட்டுரை சொல்ல விரும்புவதை சித்தி அன்றே சொல்லிவிட்டார். இந்த அறுவையில் மிக நீண்ட நாள் நிற்பது, எடுக்கப்பட்டதன் இன்மை. அளவோடு எடுத்தால் அது வரம். அதிகமாக எடுத்தால் அதே நீடித்த ஆயுள் தண்டனையாகிவிடும். எனவே “எத்தனை வருடம்” என்பதோடு “எவ்வளவு விட்டு வைப்பீர்கள்” என்றும் கேட்க வேண்டும்.

ஆபத்துகளையும் மறைக்கக் கூடாது. அரிதாக, சுமார் 2,000 பேரில் ஒருவருக்கு, கண்குழிக்குள் ரத்தம் கசியலாம். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். நிரந்தரப் பார்வை இழப்பு பல்லாயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே என்றாலும், வீட்டுக்கு வந்த அன்று இரவு கடும் வலியோ, விழி முன்னால் தள்ளுவதோ, பார்வை மங்கலோ இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் ஓட வேண்டும். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதுவானாலும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இதய மருத்துவரைக் கேட்காமல் நாமாக எதையும் நிறுத்தவும் கூடாது.

கத்தி தொடக் கூடாத வீக்கம்

கண்ணுக்குக் கீழே உள்ள எல்லா வீக்கமும் கொழுப்பல்ல. காலையில் எழும்போது இமை உப்பி மதியத்துக்குள் வடிந்தால் அது நீர். அதோடு காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும். கண் பிதுங்கி, எடை மாறி, படபடப்பு இருந்தால் தைராய்டு. தைராய்டு கண்நோய் அடங்கி, குறைந்தது ஆறு மாதமாவது மாறாமல் இருந்த பிறகுதான் இமையில் கை வைப்பார்கள். தும்மலும் அரிப்பும் இருந்தால் அலர்ஜி. கண்ணைக் கசக்கும் பழக்கமே இமையைக் கறுக்கவும் தளரவும் வைக்கும். மூக்கோரம் மஞ்சளாகப் படியும் திட்டு தெரிந்தால் கொலஸ்ட்ரால் பரிசோதனை நல்லது.

கருவளையத்துக்கும் தெளிவு வேண்டும். நம் தோலில் அதற்கு நிறமிதான் பெரும் பங்கு. அறுவை நிழலைப் போக்கும், நிறத்தைப் போக்காது. அம்பத்தூர் இரவு ஷிப்ட் தம்பிக்குத் தேவைப்பட்டது ஒழுங்கான உறக்கமும் அலர்ஜி சிகிச்சையும்தான் என்று மருத்துவர் திருப்பி அனுப்பினார். நல்ல மருத்துவருக்கு அடையாளம், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருப்பது.

அழகா, அவசியமா?

கீழ் இமை அறுவை என்றாலே அழகுக்கு என்று நினைத்துவிடுகிறோம். நம் வீட்டுத் திண்ணையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருக்கும் தாத்தாவைப் பாருங்கள். முதுமையில் கீழ் இமை தளர்ந்து, சிலருக்கு வெளியே மடங்கும், சிலருக்கு உள்ளே சுருளும். உள்ளே சுருண்டால் இமைமயிர் ஒவ்வொரு சிமிட்டலிலும் கருவிழியைக் கீறும். “கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்கு” என்பார்கள். சொட்டு மருந்து தற்காலிகம். அறுவைதான் தீர்வு. அதிலும் நீடிப்பு வித்தியாசப்படும். தையல் மட்டும் போட்டு வெளியே இழுத்து வைத்தால் ஓரிரு வருடத்தில் மறுபடி சுருளலாம். தளர்ந்த இமையைப் பக்கவாட்டில் இறுக்கி, உள்தசையையும் சரியாகப் பொருத்தினால் பலன் நெடுநாள் நிற்கும். அழகுக்குச் செய்தாலும் அவசியத்துக்குச் செய்தாலும் விதி ஒன்றே: தளர்வைச் சரிசெய்யாத இமை அறுவை தாங்காது.

இதில் பணக் கணக்கும் அடங்கியிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் அழகுக்கான அறுவை பொதுவாக விலக்கு. அவசியம் என்று மருத்துவர் சான்றளிக்கும் சீரமைப்பு அறுவைக்கு அந்த விலக்கு பொருந்தாது. சிகிச்சைக்குக் கிடைக்கும் ஜி.எஸ்.டி. விலக்கும் அழகு அறுவைக்கு இல்லை. எனவே தாத்தாவின் இமைச் சுருளை “அழகு சமாச்சாரம்” என்று தள்ளிப்போடுவது உடம்புக்கும் நஷ்டம், உரிமைக்கும் நஷ்டம்.

மேற்குச் சென்னைக்காரர்கள் இதற்காக வெகுதூரம் அலைய வேண்டியதும் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இயங்குகிறது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய இயக்கத்தின் கிளை அது. ரயிலேறினால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. நுங்கம்பாக்கத்தில் 1978-ல் டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் தொடங்கிய சங்கர நேத்ராலயா. இமைக்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்களை ஓக்குலோபிளாஸ்டி நிபுணர் என்பார்கள். அவர்களோ, முறையாகப் படித்த பிளாஸ்டிக் சர்ஜனோ இந்த வேலைக்கு உரியவர்கள். அழகு நிலையத்தின் பின் அறை இதற்கான இடம் அல்ல.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஆறு

1. எனக்கு இருப்பது கொழுப்பா, நீரா, தோல் தொங்கலா, நிறமியா?
2. இமையின் தளர்வையும் கண்ணின் வறட்சியையும் சோதித்தீர்களா?
3. எவ்வளவு எடுப்பீர்கள், எவ்வளவு விட்டு வைப்பீர்கள், எதை நகர்த்துவீர்கள்?
4. இந்த அறுவையை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? சில வருடம் கழித்து எடுத்த படங்கள் இருக்கின்றனவா? (ஒரு மாதப் படம் போதாது.)
5. இரவில் வலியோ பார்வை மங்கலோ வந்தால் யாரை அழைப்பது?
6. என் முகத்தில் இது எதை மாற்றாது?

ஆறாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அறுவை முடிந்து எட்டு வருடம். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தை வேண்டுமென்றே உற்றுப் பார்த்தேன். சிரிக்கும்போது கண்ணோரம் கோடுகள் கூடியிருக்கின்றன. கன்னம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வயது அறுபதைத் தாண்டியது தெரிகிறது. பை வரவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கரை நின்றிருக்கிறது.

பேத்தியின் காதுகுத்து ஆல்பத்தை எடுத்துக் கொடுத்தார். சித்தியின் மடியில் குழந்தை வீரிட்டு அழுகிறது. ஆசாரி குனிந்திருக்கிறார். சித்தி நேராக கேமராவைப் பார்க்கிறார். அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார்.

“பாரு, இதுல அழறது குழந்தை மட்டும்தான்.”